நீருக்கு ஒரு தராசு: உதுமானிய இஸ்தான்பூலின் குடிநீர் வரலாறு

இஸ்தான்பூல் மாநகரின் தக்ஸீம் சதுக்கத்தைப் பற்றிக் கேள்விப்படாதவர் குறைவு. அப்பெயர் எந்த அரசரையும் எந்தப் போர் வெற்றியையும் குறிப்பதன்று. 'தக்ஸீம்' என்னும் அரபுச் சொல்லுக்குப் பங்கிடுதல் என்பது பொருள். சுல்தான் முதலாம் மஹ்மூதின் ஆட்சியில், 1732 ஆம் ஆண்டளவில், அங்கே நீரைப் பங்கிடுவதற்காக எண்கோண வடிவில் ஒரு கற்கட்டடம் எழுப்பப்பட்டது. அக்கட்டடம் இன்றும் நிற்கிறது. அதன் பெயரே சதுக்கத்துக்கும் நிலைத்துவிட்டது.

மூன்று புறமும் கடல் சூழ்ந்திருந்தும் குடிநீருக்கு அந்நகரம் என்றும் தொலைவையே நம்பியிருந்தது. 1453 இல் நகரை வென்ற சுல்தான் இரண்டாம் முஹம்மது, சிதைந்து கிடந்த பழைய ரோமானிய நீர்வழிகளைச் செப்பனிடச் செய்தார். நூறாண்டுகளுக்குள் மக்கள் தொகை பெருகவே அந்நீர் போதாமலாயிற்று. சுல்தான் சுலைமானின் ஆணைப்படி, தலைமைக் கட்டடக் கலைஞர் ஸினான் 1554 இல் தொடங்கி 1563 வரை 'கிர்க்செஷ்மே' என்னும் நீர்வழியை அமைத்தார். 'நாற்பது நீரூற்றுகள்' என்பது அப்பெயரின் பொருள். நகருக்கு வடக்கேயுள்ள பெல்கிராத் காட்டின் ஓடைகளிலிருந்து புறப்பட்ட அதன் மொத்த நீளம் சுமார் 55 கிலோமீட்டர்.

எந்திரமோ நீரேற்றும் சக்கரமோ அதில் இல்லை. மேட்டிலுள்ள நீர் பள்ளம் நோக்கிச் செல்லும் என்னும் இயற்கை விதி ஒன்றே அதை இயக்கிற்று. ஆயினும் விதி எளிது; வேலை எளிதன்று. சரிவு மிகுந்தால் நீர் கால்வாயை அரித்துவிடும். குறைந்தால் வண்டல் படிந்து தேங்கிவிடும். வழியில் பள்ளத்தாக்கு குறுக்கிட்டால் நீரின் மட்டத்தை இழக்காமல் அதைக் கடந்தாக வேண்டும். ஸினான் ஆழமான பள்ளத்தாக்குகளின்மீது கற்பாலங்களை எழுப்பி அவற்றின்மேல் நீரைச் செலுத்தினார். அவற்றுள் சிறந்ததாகிய மஃலோவா பாலம் ஏறத்தாழ 36 மீட்டர் உயரமுடையது. 1563 செப்டம்பரில் வந்த பெருவெள்ளம் அப்பணியைப் பெரிதும் சிதைத்தது. ஒன்பதாண்டு உழைப்பு நீரோடு போயிற்றே என்று கைவிடாமல், மஃலோவா மீண்டும் கட்டப்பட்டது. நானூற்றைம்பது ஆண்டுகள் கடந்தும் அது உறுதியாக நிற்கிறது.

எல்லாத் தாழ்நிலத்திலும் பாலம் கட்டுவது இயலாது. அதற்கு உதுமானியர் கையாண்ட முறை சுடுமண் குழாய். இரு முனைகளும் உயர்ந்து நடுப்பகுதி தாழ்ந்த குழாயில், ஒரு முனையில் இறங்கும் நீர் மறுமுனையில் ஏறக்குறைய அதே மட்டத்திற்கு ஏறிவிடும். ஆனால் குழாயின் உட்சுவரில் உராய்வதால் சிறிது உயரத்தை அது இழக்கும். மேலும், நீர்மட்டத்திற்குக் கீழே ஒவ்வொரு 10 மீட்டர் ஆழத்திற்கும் ஒரு வளிமண்டல அளவு அழுத்தம் கூடிக்கொண்டே செல்லும். சுண்ணாம்பு, பஞ்சு, எண்ணெய் ஆகியவற்றைக் கலந்து பிசைந்த கலவையால் குழாய்களின் மூட்டுகளை அடைத்தார்கள். அம்மூட்டுகள் தாங்கும் அழுத்தத்திற்கு ஓர் எல்லை உண்டு. உள்ளே சிக்கிய காற்றும் ஓட்டத்தைத் தடுக்கும்.

இவ்விடர்களைத் தீர்க்க வழியெங்கும் கற்கோபுரங்கள் எழுப்பப்பட்டன. ஒரு குழாய் கோபுரத்தின் உச்சிவரை ஏறி, அங்கிருந்த திறந்த தொட்டியில் நீரைக் கொட்டும். மற்றொரு குழாய் அங்கிருந்து கீழிறங்கும். திறந்த தொட்டியில் அழுத்தம் தணியும், காற்று வெளியேறும், அக்கம்பக்கத்து நீரூற்றுகளுக்குக் கிளைக் குழாய்களும் பிரியும். அடுத்த கோபுரத்தின் தொட்டி இதைவிடச் சற்றே தாழ்ந்திருக்கும். இக்கோபுரத்தைத் துருக்கியர் 'சூ தெராஸிஸி', அதாவது நீர்த்தராசு, என்றனர். 'தராசு' என்று நாம் தமிழில் வழங்குவதும் அதே பாரசீகச் சொல்தான்.

தராசு என்ற பெயர் பொருத்தமானதே. நீர் அங்கே அளந்து கொடுக்கப்பட்டது. அளவின் அடிப்படை 'லூலே' எனப்பட்டது. சுமார் 26 மில்லிமீட்டர் விட்டமுள்ள சிறு குழாய், தன்மேல் 96 மில்லிமீட்டர் நீர் நிற்கும்போது வெளியிடும் அளவு அது; நிமிடத்திற்கு ஏறத்தாழ 36 லிட்டர், நாளொன்றுக்கு 52 கனமீட்டர். அதில் நான்கில் ஒரு பங்கு 'நாணல்'. முப்பத்திரண்டில் ஒரு பங்கு 'கோணி ஊசி'. பங்கீட்டுத் தொட்டியில் எல்லாத் துளைகளும் ஒரே மட்டத்தில் அமைந்திருந்தன. ஆகவே கோடையில் நீர்மட்டம் தாழ்ந்தால், அத்தொட்டியிலிருந்து நீர்பெறும் அனைவரின் பங்கும் ஒரே விகிதத்தில் குறைந்தது.

இவ்வமைப்பைத் தாங்கியது வக்ஃபு. சுல்தான்களும் அமைச்சர்களும் அரண்மனைப் பெண்டிரும் நீரூற்றுகளைக் கட்டி, அவற்றின் பராமரிப்புக்கு வருவாயையும் எழுதி வைத்தனர். மூன்றாம் ஸலீமின் அன்னை மிஹ்ரிஷாஹ் சுல்தான் 1796 இல் கட்டுவித்த அணை, தக்ஸீம் நீர்வழிக்கு நீர் சேர்த்தது. புதிய ஊற்றைத் தம் செலவில் கண்டு பொது நீர்வழியில் சேர்ப்போருக்கு அதற்கேற்ற பங்கு உண்டு. அனுமதியின்றிக் குழாயைத் துளைத்து நீரெடுப்பது குற்றம். அதைத் தடுக்க அரசாணைகள் திரும்பத் திரும்ப வெளிவந்தன. மனிதனின் பேராசை அன்றும் இருந்தது என்பதற்கு அவ்வாணைகளே சான்று. 1880களில் தெர்கோஸ் ஏரி நீரை நீராவி எந்திரங்கள் நகருக்கு ஏற்றத் தொடங்கியபின் தராசுகளின் தேவை மெல்லக் குறைந்தது.

ஸாலிஹ் நபியின் சமூகத்தாருக்கும் ஒட்டகத்திற்கும் இடையே நீர் பங்கிடப்பட்டதை ஸூரத்துல் கமர் எடுத்துரைக்கிறது. அப்பங்கை மீறியவர்களின் முடிவையும் நாம் அறிவோம். இன்று நம் தெருக்களில் பொதுக் குழாயில் மோட்டாரைப் பொருத்தி உறிஞ்சும் வீட்டுக்கு நீர் நிறைகிறது. கடைசி வீட்டின் குடம் காலியாகக் கிடக்கிறது. அந்த நீரில் ஒளூ செய்து தொழுகைக்கு நிற்கும் முன், அது யாருடைய பங்கு என்று ஒரு கணம் எண்ணிப் பார்ப்பது நம் கடமை. மேட்டு நீரைப் பள்ளத்திற்குக் கொண்டு செல்ல இறைவன் வகுத்த விதியே போதும். அது அனைவரையும் சமமாகச் சென்றடைய மனிதரின் நீதி வேண்டும்.