சிவப்புக் கார்டும் வேலை பெர்மிட்டும்: மலேசியா, 1969

போன மாசம் எங்க தெருப் பையன் ஒருத்தனுக்கு சிங்கப்பூர் வேலை பெர்மிட் ரிஜெக்ட் ஆகிவிட்டது. தாம்பரம் ஸ்டேஷன் வாசலில் நிறுத்தி, "அண்ணே, அடுத்து என்ன பண்றது?" என்றான். அங்கே மறுபரிசீலனை கேட்க வேண்டியது கம்பெனிதான், நீ நேரா கேக்க முடியாது என்று சொன்னேன். அதற்கு மேல் சொல்ல எனக்கு ஒன்றும் இல்லை. ஆனால் இதே கேள்வியைப் பல்லாயிரம் தமிழர்கள் ஒன்றாகக் கேட்ட காலம் ஒன்று உண்டு.

1968-ல் மலேசியா ஒரு வேலைக் கட்டுப்பாட்டுச் சட்டம் கொண்டுவந்தது. குடியுரிமை இல்லாதவர் யாரானாலும் வேலை செய்ய பெர்மிட் வேண்டும். உள்நாட்டில் வேலையில்லாத் திண்டாட்டம், அதனால் குடிமக்களுக்கே முதலிடம் என்பது அரசின் நியாயம். 1969 மே 13 கலவரத்துக்குப் பிறகு கெடுபிடி கூடியது.

இதில் மாட்டியவர்கள் நேற்று கப்பலில் வந்து இறங்கியவர்கள் இல்லை. ரப்பர்த் தோட்டத்தில் இருபது, முப்பது வருஷம் பால்வெட்டியவர்களும் இருந்தார்கள். குடிமகனுக்கு நீல அடையாளக் கார்டு. இவர்கள் கையில் இருந்தது சிவப்பு. நாட்டில் நிரந்தரமாக வசிக்கலாம், ஆனால் குடிமகன் கிடையாது.

ஏன் சிவப்பு? இங்கேதான் விஷயம் இருக்கு. 1957 ஆகஸ்ட் 31-ல் மலாயா சுதந்திரம் அடைந்தபோது, ஏற்கெனவே அங்கே வசித்தவர்கள் பதிவு செய்து குடியுரிமை வாங்க வழி இருந்தது. முதல் ஒரு வருஷம் மலாய் மொழிப் பரீட்சைகூட இல்லை. பலர் போகவில்லை. பிறந்த தேதிக்குக் காகிதம் கிடையாது, ஃபாரம் நிரப்பத் தெரியாது, ஒருநாள் கூலியை விட்டுவிட்டு டவுனுக்குப் போகணும். எப்படியும் ஒருநாள் ஊருக்குத் திரும்பிடுவோம் என்ற நினைப்பு வேறு. தோட்டத்துக்குள்ளேயே லயத்து வீடு, பள்ளிக்கூடம், மாரியம்மன் கோயில், கள்ளுக்கடை எல்லாம் இருந்தபோது கார்டின் நிறம் யாருக்கு உறைக்கும்? 1969-ல் வந்த மறுப்பின் பாதி, பதினொரு வருஷத்துக்கு முன்பே எழுதப்பட்டுவிட்டது என்பேன். (ம.இ.கா. தலைவர் சம்பந்தன் அப்போது அமைச்சராக இருந்தார். ஆளும் கூட்டணிக்குள் இருந்தும் சட்டம் வந்தது.)

பெர்மிட் கிடைக்காதவர்கள் என்ன செய்தார்கள்? சிலர் தாமதமாகக் குடியுரிமைக்கு மனுப் போட்டார்கள். சிலர் அதே தோட்டங்களில் கான்ட்ராக்டர் கீழே, கணக்கில் வராத கூலிகளாக ஒண்டிக்கொண்டார்கள். வேலை அதேதான், சங்கத்துப் பாதுகாப்புதான் போச்சு. மற்றவர்கள் கிளம்பினார்கள். அப்படி இந்தியா திரும்பியவர்கள் சுமார் 60,000 பேர் என்று ஆய்வாளர்கள் எழுதுகிறார்கள். நாட்டை விட்டே போனால் சேமநிதிப் பணத்தை எடுக்கலாம் என்பதும் ஒரு இழுப்பு.

அந்த நாளில் மலேசியாவுக்கும் நமக்கும் நடுவே ஓடியது ரஜூலா. 1926-ல் கட்டிய கப்பல். பினாங்கு, நாகப்பட்டினம், சென்னை என்று வரும். சென்னையில் இறங்கியவர்கள் எழும்பூரில் ரயில் பிடித்து, இதே தாம்பரம் வழியாகத்தான் தெற்கே போயிருப்பார்கள்.

எனக்குக் கஷ்டமாக இருப்பது குடும்பங்களின் கணக்கு. சுதந்திரத்துக்குப் பிறகு அங்கே பிறந்த பிள்ளை, பிறப்பாலேயே குடிமகன் ஆகலாம். அப்பனுக்கு மட்டும் சிவப்புக் கார்டு. அப்பன் கிளம்பினால் பிள்ளை எங்கே? கூட்டிவந்தால், பார்த்தே இராத ஊரில் அது அந்நியப் பிள்ளை. விட்டுவிட்டு வந்தால் சோறு யார் போடுவது?

அங்கேயே தங்கியவர்களின் கதையும் சீக்கிரம் முடியவில்லை. 2018 ஜூலையில் மகாதீர் அரசு, 60 வயது தாண்டிய சிவப்புக் கார்டு இந்தியர்கள் 3,407 பேருக்குக் குடியுரிமை தருவதாக அறிவித்தது. 1957-ல் அந்த ஃபாரம் முதல்முறை கையில் கிடைத்தபோது, அவர்களில் பெரும்பாலோர் குழந்தைகளாக இருந்திருக்க வேண்டும்.