நாலு காலும் அந்தரத்தில்!

ஓட்டப்பந்தயத்தைப் படமெடுக்க எந்த கேமரா வாங்கலாம் என்று குழம்புகிறீர்களா? எட்வர்ட் மைப்ரிட்ஜ் குழம்பவில்லை. ஒன்றல்ல, 12 கேமராக்களைத் தேர்ந்தெடுத்தார்!

பாயும் குதிரையின் நாலு காலும் ஒரே சமயத்தில் தரையைவிட்டு எழும்புமா? கலிஃபோர்னியா கோடீஸ்வரர் ஸ்டான்ஃபோர்டுக்கு இதுதான் சந்தேகம். 1878 ஜூனில், பாலோ ஆல்டோவில், குதிரை ஓடும் பாதையோரம் 27 அங்குலத்துக்கு ஒன்றாக கேமராக்கள் வரிசைகட்டின. பாதையின் குறுக்கே நூல்கள். குதிரை அவற்றை அறுத்துக்கொண்டு ஓட ஓட, ஷட்டர்கள் 'டப்... டப்...'! அன்றைய கண்ணாடி பிளேட்டுக்கு ஏகப்பட்ட வெளிச்சம் வேண்டுமே? எதிர்ப்பக்கம் வெள்ளைத் திரை கட்டிவிட்டார் மனிதர்.

எழும்பத்தான் செய்தது! ஆனால், ஓவியர்கள் வரைந்தமாதிரி கால்களை நீட்டும்போது அல்ல, வயிற்றுக்கடியில் மடக்கும்போது!

1882-ல் ஸ்டான்ஃபோர்டு தயவில் இதெல்லாம் புத்தகமாக வந்தது. முகப்பில் மைப்ரிட்ஜ் பெயரே இல்லை! வழக்குப் போட்டார், தள்ளுபடியானது.

ஆகவே, நல்ல கேமரா மட்டும் போதாது சார்... படத்துக்குக் கீழே பெயர் போடுவார்களா என்றும் முதலிலேயே கேட்டுவிடுங்கள்!