தமிழ்நாட்டில் குடிநோய் மீட்புக் குழுக்கள்

குடிநோய் மீட்புக் குழு என்பது, குடியை விட விரும்புவோரும் ஏற்கெனவே விட்டவர்களும் குறித்த நாளில் ஓரிடத்தில் கூடி, தம் அனுபவங்களைப் பேசி, ஒருவருக்கொருவர் துணை நிற்கும் அமைப்பாகும். தமிழ்நாட்டில் மதுவைப் பற்றிய பேச்சு பெரும்பாலும் கடைகளைத் திறப்பதையும் மூடுவதையும் பற்றியது. குடியிலிருந்து மீள முயன்றவர்களின் வரலாறு அதனினும் வேறானது.

பின்னணி

சென்னை மாகாணத்தில் இராஜாஜி ஆட்சிக் காலத்தில் 1937இல் சேலம் மாவட்டத்தில் மதுவிலக்கு தொடங்கியது. 1948இல் மாகாணம் முழுவதற்கும் அது விரிவடைந்தது. 1971இல் மதுவிலக்கு தளர்த்தப்பட்டது. 1983இல் டாஸ்மாக் நிறுவனம் உருவானது. 2003 முதல் சில்லறை விற்பனையும் அதன் கைக்கு வந்தது. இந்த மாற்றங்கள் அனைத்தும் மது கிடைப்பதைப் பற்றியவை. குடிக்காமல் இருக்க முடியாத நிலைக்கு வந்துவிட்ட ஒருவரை நோயாளியாகக் கண்டு உதவும் ஏற்பாடு தனியாக வளர்ந்தது.

ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ்

ஏ.ஏ. எனச் சுருக்கமாக அழைக்கப்படும் ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் 1935இல் அமெரிக்காவின் ஓகையோ மாநிலத்திலுள்ள அக்ரன் நகரில் தோன்றியது. பங்குச் சந்தைத் தொழிலில் இருந்த பில் வில்சனும் அறுவை மருத்துவர் பாப் ஸ்மித்தும் இதன் நிறுவனர்கள். இருவருமே குடியால் வாழ்க்கை சீர்குலைந்தவர்கள். மருத்துவர்களும் உறவினர்களும் சொல்லிக் கேட்காத ஒருவர், தன்னைப்போலவே குடித்துத் துன்பப்பட்டவர் பேசும்போது காதுகொடுக்கிறார் என்பது அவர்கள் கண்ட உண்மை. பன்னிரண்டு படிகள் என்னும் மீட்பு முறை 1939இல் நூலாக வெளிவந்தது. குடிப்பவரின் குடும்பத்தினருக்கான அல்-அனான் 1951இல் உருவானது. இந்தியாவில் ஏ.ஏ. 1957இல் டெல்லியில் தொடங்கி, பின்னர் பிற நகரங்களுக்கும் பரவியது.

சென்னையில் சிகிச்சை மையம்

தமிழ்நாட்டில் இத்துறைக்கு வழியமைத்தவர் சாந்தி ரங்கநாதன். இவருடைய கணவர் டி.டி. ரங்கநாதன் குடிநோயால் 1979இல் இறந்தார். சாந்தி அமெரிக்காவின் மின்னசோட்டா மாநிலத்திலுள்ள ஹேசல்டன் மையத்தில் பயிற்சி பெற்று, 1980இல் சென்னையில் டி.டி. ரங்கநாதன் மருத்துவ ஆய்வு அறக்கட்டளையைத் தொடங்கினார். இது டி.டி.கே. மருத்துவமனை என்ற பெயரில் அறியப்படுகிறது. உடலிலிருந்து மதுவின் தாக்கத்தை நீக்கும் மருத்துவம், தனி ஆலோசனை, குழு உரையாடல், குடும்பத்தினருக்கான பயிற்சி, வீடு திரும்பிய பின் தொடர் கவனிப்பு ஆகியவை அங்கு ஒன்றிணைந்தன. சாந்திக்கு 1992இல் பத்மஸ்ரீ விருது வழங்கப்பட்டது.

மஞ்சக்குடி முகாம்

நகரத்து மருத்துவமனை கிராமத்தாருக்கு எளிதில் எட்டுவதில்லை. காஞ்சிபுரத்தை அடுத்த கூரம் போன்ற ஊர்களை நினைத்துப் பார்த்தால் இது விளங்கும். பட்டுத் தறியில் கூலிக்கு நெய்பவருக்குச் சேலை முடிந்தால்தான் கூலி. ஒரு மாதம் சென்னையில் தங்கினால் தறி நிற்கும், வீட்டில் அடுப்பும் நிற்கும். ‘குடிகார ஆஸ்பத்திரிக்குப் போனவர்’ என்ற பேச்சுக்கு அஞ்சுவோரும் உண்டு.

இந்தத் தடையைக் கடக்க, சிகிச்சையையே ஊருக்குக் கொண்டுசெல்லும் முயற்சியை டி.டி.கே. மருத்துவமனை 1989இல் மேற்கொண்டது. அன்றைய தஞ்சாவூர் மாவட்டத்தில், இன்றைய திருவாரூர் மாவட்டத்தில் உள்ள மஞ்சக்குடி கிராமத்தில் முகாம் நடந்தது. ஊர்ப் பெரியவர்களும் குடும்பத்தினரும் அதில் பங்கேற்றனர். இவ்வனுபவத்தைச் சாந்தி ரங்கநாதன் 1994இல் ‘அடிக்‌ஷன்’ என்னும் பன்னாட்டு ஆய்விதழில் கட்டுரையாக எழுதினார். முகாம் முடிந்த பின்னும் குடியை விட்டவர் அதே தெருவில், அதே நண்பர்களிடையே வாழவேண்டும். அவரைச் சுற்றியுள்ளவர்களும் இந்த நோயைப் புரிந்துகொண்டிருப்பதே ஊர் முகாமின் பயன்.

கூட்டங்களின் நடைமுறை

ஏ.ஏ. கூட்டத்தில் சேரக் கட்டணம் இல்லை. குடியை நிறுத்தும் விருப்பம் ஒன்றே தகுதி. சாதி, மதம், தொழில் கேட்கப்படுவதில்லை. உறுப்பினர்களின் அடையாளம் வெளியிடப்படுவதில்லை. முதல்முறை வருபவர் பேச வேண்டிய கட்டாயமில்லை, கேட்டுக்கொண்டிருந்தாலே போதும். ‘இனி வாழ்நாள் முழுவதும்’ என்று உறுதி எடுக்கச் சொல்வதில்லை. இன்று ஒருநாள் குடிக்காமல் இருப்பதே இலக்கு. மீண்டும் குடித்துவிட்டவருக்கும் கதவு அடைக்கப்படுவதில்லை. பல கூட்டங்கள் தமிழிலேயே நடைபெறுகின்றன.

குழு மருத்துவத்துக்கு மாற்று அன்று. நாள்தோறும் அதிகமாகக் குடிப்பவர் திடீரென நிறுத்தினால் கைநடுக்கம், வலிப்பு, மனக்குழப்பம் ஏற்படலாம். சிலவேளை உயிருக்கே ஆபத்தாகும். எனவே முதல் சில நாள்கள் மருத்துவர் கண்காணிப்பு வேண்டும். மாவட்ட அரசுத் தலைமை மருத்துவமனையின் மனநலப் பிரிவை இதற்கு அணுகலாம். நடுவண் அரசின் போதை மீட்பு உதவி எண் 14446 கட்டணமின்றிச் செயல்படுகிறது. அருகில் எந்தக் குழு, எந்த நாளில் கூடுகிறது என்பதைச் சிகிச்சை மையங்களின் ஆலோசகர்களிடம் கேட்டறியலாம். குடிப்பவர் வர மறுத்தாலும் அவருடைய மனைவியோ பெற்றோரோ அல்-அனான் கூட்டத்துக்குத் தனியாகச் செல்லலாம்.