பின்லாந்து: நடுநிலையிலிருந்து நேட்டோவுக்கு

பின்லாந்துக்கும் ரஷ்யாவுக்கும் இடையிலான எல்லை ஏறத்தாழ 1,340 கிலோமீட்டர் நீளமானது. பின்லாந்தின் வெளியுறவுக் கொள்கையைப் பெரும்பாலும் தீர்மானித்து வந்தது இந்த எல்லைதான். பல நூற்றாண்டுகள் ஸ்வீடனின் பகுதியாக இருந்த அந்நாடு 1809இல் ரஷ்யப் பேரரசின் கைக்குப் போனது. ஜார் ஆட்சி கவிழ்ந்தபின், 1917 டிசம்பர் 6 அன்று விடுதலையை அறிவித்தது.

1939 ஆகஸ்டில் ஜெர்மனியும் சோவியத் ஒன்றியமும் செய்துகொண்ட ஒப்பந்தத்தின் இரகசியப் பிரிவு, பின்லாந்தை சோவியத் செல்வாக்கு வட்டத்துக்குள் வைத்தது. லெனின்கிராடுக்கு மிக அருகே இருந்த எல்லையை வடக்கே தள்ளவேண்டும் என்று மாஸ்கோ கேட்டது. பின்லாந்து மறுத்ததும் நவம்பர் 30 அன்று படையெடுப்பு தொடங்கியது. சர்வதேச சங்கம் சோவியத் ஒன்றியத்தை உறுப்பினர் பட்டியலிலிருந்து நீக்கியது. உலகத்தின் ஆதரவு ஏறக்குறைய அத்தோடு நின்றது. ஸ்வீடனிலிருந்து தொண்டர்களும் ஆயுதங்களும் வந்தன, அரசின் படை வரவில்லை. பிரிட்டனும் பிரான்சும் படை அனுப்புவது பற்றிப் பேசி முடிப்பதற்குள் போரே முடிந்துவிட்டது. 105 நாள் தாக்குப்பிடித்த பின்லாந்து, நிலப்பரப்பில் சுமார் பத்தில் ஒரு பங்கை வீபுரி நகரத்தோடு சேர்த்து இழந்தது. நான்கு லட்சத்துக்கும் மேற்பட்டோர் வீடு வாசலை விட்டு மேற்கே வந்தார்கள்.

இழந்ததை மீட்க 1941 ஜூனில் பின்லாந்து ஜெர்மனியின் பக்கம் போரில் இறங்கியது. முறையான கூட்டணி இல்லை, இது தனிப்போர் என்று ஹெல்சின்கி சொல்லிப் பார்த்தது. அந்த வாதம் எடுபடவில்லை. அதே ஆண்டு டிசம்பர் 6 அன்று, பின்லாந்தின் விடுதலை நாளிலேயே, பிரிட்டன் அதன்மீது போர் அறிவித்தது.

போரிலிருந்து வெளியேறிய விதம் இராஜதந்திர வரலாற்றில் தனியாகப் படிக்க வேண்டியது. 1944 கோடையில் சோவியத் படை பெருந்தாக்குதல் நடத்தியபோது பின்லாந்துக்கு ஜெர்மானிய ஆயுதம் உடனடியாகத் தேவைப்பட்டது. தனியாகச் சமாதானம் பேசமாட்டோம் என்ற வாக்குறுதியை ஜெர்மனி விலையாகக் கேட்டது. குடியரசுத் தலைவர் ரிஸ்தோ ரூத்தி அந்த வாக்குறுதியை நாடாளுமன்றத்தின் ஒப்புதல் இன்றி, தன் சொந்தப் பெயரில் கடிதமாக எழுதிக் கொடுத்தார். ஆயுதம் வந்தது, போர்முனை நிலைத்தது. ஆகஸ்ட் தொடக்கத்தில் ரூத்தி பதவி விலகினார். அவர் இடத்துக்கு வந்த மார்ஷல் மன்னர்ஹைம், முன்னவரின் தனிப்பட்ட வாக்கு தன்னைக் கட்டுப்படுத்தாது என்று கூறி, செப்டம்பர் 19 அன்று மாஸ்கோவுடன் போர்நிறுத்தம் செய்துகொண்டார். ரூத்திக்குக் கிடைத்தது போர்ப்பொறுப்பு வழக்கும் பத்தாண்டுச் சிறைத்தண்டனையும். 1949இல் மன்னிப்புப் பெற்று வெளிவந்தார்.

போர்நிறுத்த நிபந்தனைகள் கடுமையானவை. நாட்டிலுள்ள ஜெர்மானியப் படையைப் பின்லாந்தே விரட்டவேண்டும். அப்படை பின்வாங்கும்போது வடக்கே ரோவனியெமி நகரம் எரிந்து சாம்பலானது. ஹெல்சின்கிக்கு அருகிலுள்ள போர்க்கலா சோவியத் கடற்படைத் தளமானது. 30 கோடி டாலர் இழப்பீட்டைக் கப்பல்களாகவும் இயந்திரங்களாகவும் காகிதமாகவும் 1952 வரை கட்டித் தீர்த்தார்கள்.

1948 ஏப்ரலில் கையெழுத்தான நட்புறவு ஒப்பந்தமே அடுத்த நாற்பது ஆண்டுகளுக்கு அடிப்படை. அதன்படி, ஜெர்மனியோ அதன் கூட்டாளிகளோ பின்லாந்து வழியாக சோவியத் ஒன்றியத்தைத் தாக்கினால் பின்லாந்து எதிர்த்துப் போரிடும். தேவைப்பட்டால் சோவியத் உதவி பற்றிக் கலந்து பேசும். வல்லரசு மோதல்களிலிருந்து விலகி நிற்கும் விருப்பமும் அதில் பதிவானது. குடியரசுத் தலைவர்கள் பாசிக்கிவியும், 1956 முதல் கால் நூற்றாண்டு ஆண்ட ஊர்ஹோ கெக்கொனெனும் வகுத்த பாதை இதுதான்: மாஸ்கோவுக்கு ஐயம் எழாமல் பார்த்துக்கொண்டு, கிடைத்த இடைவெளியில் மேற்குடன் வணிகம் செய்வது. அமெரிக்காவின் மார்ஷல் திட்ட உதவியைப் பின்லாந்து மறுத்தது. ஆனால் 1973இல் ஐரோப்பியப் பொருளாதாரச் சமூகத்துடன் வணிக ஒப்பந்தம் ஏற்பட்டது. 1975இல் 35 நாடுகள் ஹெல்சின்கியில் கூடி ஐரோப்பியப் பாதுகாப்பு, ஒத்துழைப்பு மாநாட்டின் இறுதி ஆவணத்தில் கையெழுத்திட்டன.

இதற்கான விலை உள்நாட்டில் கொடுக்கப்பட்டது. 1961இல் மாஸ்கோ இராணுவக் கலந்தாய்வுக்கு அழைத்துக் குறிப்பு அனுப்பியதும், கெக்கொனென் சைபீரியாவின் நோவொசிபிர்ஸ்க் வரை போய் சோவியத் தலைவர் குருஷ்சேவைச் சந்தித்து அதைத் தள்ளிவைத்தார். குடியரசுத் தலைவர் தேர்தலில் அவரை எதிர்த்து நின்ற ஹொங்கா போட்டியிலிருந்து விலகினார். பத்திரிகைகளும் பதிப்பகங்களும் தங்களைத் தாங்களே தணிக்கை செய்துகொண்டன. சோவியத் எழுத்தாளர் சோல்செனிட்சினின் ‘குலாக் தீவுக்கூட்டம்’ பின்னிஷ் மொழியில் முதலில் ஸ்வீடனில்தான் வெளியானது. மேற்கு ஜெர்மனியில், பெரிய அண்டைநாட்டுக்குப் பணிந்துபோவதைக் குறிக்கும் ‘பின்லாந்துமயமாதல்’ என்பது வசைச்சொல்லானது. ஆனால் 2014இல் அமெரிக்க வெளியுறவு வல்லுநர்கள் கிஸிஞ்சரும் பிரெசின்ஸ்கியும் உக்ரைனுக்குப் பின்லாந்தின் வழியையே முன்மாதிரியாகக் காட்டினார்கள். அந்த வழியில் நடந்து பார்த்தவர்கள் அதை இன்னொருவருக்குப் பரிந்துரைக்க அவ்வளவாக முன்வரவில்லை.

சோவியத் ஒன்றியம் உடைந்ததும் 1948 ஒப்பந்தம் காலாவதியானது. 1995இல் பின்லாந்து ஐரோப்பிய ஒன்றியத்தில் சேர்ந்தது. பனிப்போர் முடிந்த நிம்மதியில் பல ஐரோப்பிய நாடுகள் கட்டாய இராணுவச் சேவையைக் கைவிட்டன, பின்லாந்து கைவிடவில்லை. 55 லட்சம் மக்களில் 48 லட்சம் பேருக்கு இடமளிக்கும் பதுங்குமிடங்களையும் பராமரித்து வந்தது. நேட்டோவில் சேரவில்லை, ஆனால் சேரும் உரிமையை விட்டுக்கொடுக்கவும் இல்லை. நேட்டோ இனி விரியக்கூடாது என்று 2021 டிசம்பரில் ரஷ்யா விதித்த நிபந்தனை அந்த உரிமையில்தான் கைவைத்தது.

2022 பிப்ரவரி 24 அன்று உக்ரைன்மீது ரஷ்யப் படையெடுப்பு தொடங்கியது. அதுவரை நாலில் ஒருவர் அளவுக்கே இருந்த நேட்டோ ஆதரவு, மே மாதத்துக்குள் எழுபது சதவீதத்தைத் தாண்டியது. உறுப்பினராக விண்ணப்பிக்க நாடாளுமன்றம் 188-க்கு 8 என்ற வாக்கில் ஒப்புதல் தந்தது. குர்தியர் விவகாரத்தைக் காட்டித் துருக்கியும், பின்னர் ஹங்கேரியும் சம்மதம் தராமல் இழுத்தடித்தன. 2023 ஏப்ரல் 4 அன்று பின்லாந்து 31-ஆவது உறுப்பினரானது; உடன் விண்ணப்பித்த ஸ்வீடன் மேலும் 11 மாதம் காத்திருந்தது. ஆவணமற்ற புகலிடம் கோருவோரை ரஷ்யா திட்டமிட்டு அனுப்புவதாகக் குற்றம்சாட்டி, 2023 நவம்பர் இறுதியில் பின்லாந்து கிழக்கு எல்லைக் கடவுகள் அனைத்தையும் மூடியது. 2025இல் கண்ணிவெடித் தடை உடன்படிக்கையிலிருந்து விலகவும் அதன் நாடாளுமன்றம் வாக்களித்தது.