ஆஃப் கிளட்சும் அமெரிக்கக் காரும்

டிப்போவில் என்னோடு வேலை பார்த்தவர்களுக்கு இந்தக் கட்டுரையில் பாதி ஏற்கெனவே தெரிந்த விஷயம்தான். வத்தலக்குண்டிலிருந்து கொடைக்கானல் ஏறும் பேருந்தில் கிளட்ச் பிளேட் எத்தனை மாதம் தாங்கும் என்பது பெரும்பாலும் ஓட்டுநரின் இடது காலைப் பொறுத்தது. பயணிகள் குலுங்கக் கூடாதே என்று கிளட்சைப் பாதி மிதித்தபடியே ஓட்டும் நல்ல மனசுக்காரர்கள் உண்டு. ஆஃப் கிளட்ச் என்போம். வண்டி பூப்போலப் போகும். பிளேட் கருகிப்போய் எங்கள் மேஜைக்கு வரும். "காலை எடுத்துடுய்யா, ஒரு குலுக்கல் குலுக்கினா குலுக்கட்டும்" என்று எத்தனை பேரிடம் சொல்லியிருப்பேன்!

அதே பாடத்தை ஓய்வு பெற்றபின் அமெரிக்காவில், கிளட்ச் பெடலே இல்லாத ஒரு காரின் அடியில் மல்லாந்து படுத்துக்கொண்டு மறுபடியும் படித்தேன்.

2012 கோடையில் மிச்சிகன் மாநிலத்து இப்சிலாண்டியில் மகன் வீட்டில் தங்கியிருந்தோம். பேரனைப் பள்ளியில் விட்டு வந்தால் பகல் முழுக்க எனக்கு வேலை இல்லை. இரண்டு வீடு தள்ளி ஒரு பெரியவர், எழுபதைத் தாண்டியவர், கார் ஷெட்டைத் திறந்துவைத்து உட்கார்ந்திருப்பார். உள்ளே 1970-ஆம் வருடத்து காடிலாக் செடான் டி வில். நம் அம்பாசடர் அதன் பக்கத்தில் நின்றால் குட்டி மாதிரி இருக்கும். பேர் சொல்லியே கூப்பிடச் சொன்னார். பெரியவரைப் பேர் சொல்லிக் கூப்பிட என் நாக்கு வரவில்லை. 'சார்' என்றே கூப்பிட்டேன்.

அந்தக் காரின் கியர் பாக்ஸ் தயாரான தொழிற்சாலையில்தான் அவர் முப்பது வருடம் வேலை பார்த்திருக்கிறார். வில்லோ ரன் என்று பெயர். அந்த இடத்தின் கதையைச் சொல்லாமல் மேலே போக முடியாது.

இரண்டாம் உலகப் போரின்போது ஃபோர்டு நிறுவனம் பி-24 குண்டுவீச்சு விமானங்களைச் செய்யக் கட்டிய ஆலை அது. மொத்தம் 8,000-க்கும் மேற்பட்ட விமானங்கள் அங்கே தயாராயின. உச்சத்தில் மணிக்கு ஒன்று என்ற கணக்கு. போருக்குப் பிறகு அங்கே கெய்சர்-ஃப்ரேசர் கார்கள் தயாராயின. 1953 ஆகஸ்ட் 12 அன்று, பக்கத்து ஊரான லிவோனியாவில் ஜெனரல் மோட்டார்ஸின் ஆட்டோமேட்டிக் கியர் பாக்ஸ் தொழிற்சாலை தீப்பிடித்து எரிந்துபோனது. கியர் பாக்ஸ் கிடைக்காமல் கம்பெனி தவித்தது. காடிலாக்குக்கு பியூக்கின் கியர் பாக்ஸையும், போன்டியாக்குக்கு செவ்ரலேயினுடையதையும் மாட்டி அனுப்ப வேண்டியதாயிற்று. உற்பத்தியை அவசரமாக வில்லோ ரன்னுக்கு மாற்றினார்கள். அங்கே அது 2010 வரை நடந்தது. நான் போனபோது ஆலை மூடியாகிவிட்டது. பெரியவர் அந்தப் பக்கம் காரை ஓட்டுவதையே தவிர்ப்பார்.

இனி கியர் பாக்ஸ். ஹைட்ராமேட்டிக் என்ற முதல் முழு ஆட்டோமேட்டிக் 1940 மாடல் ஓல்ட்ஸ்மொபைல் காரில் வந்தது. கூடுதல் விலை 57 டாலர். நாலு கியர், கிளட்ச் பெடல் கிடையாது. போரில் இலகு ரக டாங்கிகளிலும் அதைப் பொருத்தினார்கள் என்றால் அதன் உறுதியைப் பார்த்துக்கொள்ளுங்கள். ஆனால் கியர் மாறும்போது ஒரு குலுக்கல் இருந்தது. காசு கொடுத்து வாங்குகிறவர்களுக்கு அது பிடிக்கவில்லை. 1948-ல் பியூக் கொண்டுவந்த டைனாஃப்ளோவில் ஓட்டத்தில் கியரே மாறாது. டார்க் கன்வர்ட்டரில் எண்ணெய் சுழன்றே வேலையைச் செய்யும். வெண்ணெய் மாதிரி போகும், இழுப்பு மட்டும் மந்தம். அதற்குப் பிறகு மிருதுவாகப் போவதுதான் நல்ல காருக்கு அடையாளம் என்று ஆகிவிட்டது.

1964-ல் காடிலாக்கில் டர்போ ஹைட்ராமேட்டிக் 400 வந்தது. மூன்று கியர். இரும்பு மாதிரி உழைக்கும். ரோல்ஸ் ராய்ஸ், ஜாகுவார் கம்பெனிகள்கூட இதை வாங்கித் தங்கள் காரில் வைத்தன. 1976-ல் ஃபெராரி தன் முதல் ஆட்டோமேட்டிக் காரை விட்டபோது அதற்குள் இருந்ததும் இதுதான்.

உள்ளே என்ன நடக்கிறது? உராய்வுத் தகடுகளும் எஃகுத் தகடுகளும் மாற்றி மாற்றி அடுக்கியிருக்கும். எண்ணெய் அழுத்தம் வந்து நெருக்கினால் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டு கியர் விழும். எப்போது மாற்றுவது என்று முடிவு செய்வது வால்வ் பாடி என்ற வார்ப்புப் பெட்டி. வண்டியின் வேகத்தை கவர்னர் சொல்லும். இன்ஜின் மேலுள்ள பாரத்தை வேக்குவம் மாடுலேட்டர் சொல்லும். இரண்டு அழுத்தங்களில் எது ஜெயிக்கிறதோ அந்தப் பக்கம் வால்வ் நகரும். கம்ப்யூட்டர் கிடையாது, ஒயர்கூட ஓரிரண்டுதான். எண்ணெய், ஸ்பிரிங், துளைகள், எஃகுக் குண்டுகள், அவ்வளவே. அந்தக் காலத்து எண்ணெயில் ஸ்பெர்ம் திமிங்கிலத்தின் எண்ணெயும் கலந்திருந்தது. தகடுகள் வழுக்கலாகப் பிடிக்க அது உதவியது. 1970-களின் தொடக்கத்தில் திமிங்கிலத்தைக் காக்கச் சட்டம் வந்த பிறகு அதை விட்டுவிட்டார்கள்.

குலுக்கல் தெரியாமல் இருக்க, எண்ணெய் போகும் துளைகளைச் சிறிதாக வைத்தார்கள். அக்யூமுலேட்டர் என்ற ஸ்பிரிங் பிஸ்டன் ஒன்றும் மெத்தை மாதிரி நடுவில் நின்று அழுத்தத்தை வாங்கிக்கொள்ளும். தகடுகள் சட்டென்று பிடிக்காமல் ஒரு கணம் வழுக்கிவிட்டுப் பிடிக்கும். பெரியவர் இதை விளக்கி முடித்ததும், "சார், இது எங்கள் ஊர் ஆஃப் கிளட்ச்" என்றேன். ஆஃப் கிளட்ச் என்றால் என்னவென்று காலால் நடித்துக் காட்டினேன். விழுந்து விழுந்து சிரித்தார். அன்றிலிருந்து நாங்கள் சிநேகிதர்கள்.

இந்த வழுக்கலைக் குறைக்க வந்ததுதான் ஷிப்ட் கிட். 1953-ல் கலிபோர்னியாவில் தொடங்கிய பி அண்ட் எம் கம்பெனி, பந்தயக் கார்களுக்காக ஹைட்ராமேட்டிக்கைத் திருத்திக் கொடுத்தது. பின்னால் அதே மாநிலத்தில் கில் யங்கர் என்பவரின் டிரான்ஸ்கோ கம்பெனி, சாதாரண மெக்கானிக்கும் மாட்டும்படி சில ஸ்பிரிங்குகள், துளையிடும் டிரில், விளக்கத் தாள் எல்லாம் ஒரே பெட்டியில் போட்டு விற்றது. ஷிப்ட் கிட் என்பதே அவர்கள் பதிவு செய்த பெயர்தான். கியர் பாக்ஸை இறக்க வேண்டியதில்லை. அடித்தட்டைக் கழற்றி, வால்வ் பாடியை எடுத்து, நடுவிலுள்ள தகட்டில் சொன்ன துளைகளைப் பெரிதாக்கி, ஸ்பிரிங்கை மாற்றி, திரும்ப மாட்டினால் போதும்.

பெரியவர் கிட் வாங்கி வைத்து நான்கு வருடமாகிவிட்டது. கை நடுக்கம் வந்துவிட்டதால் பெட்டியைப் பிரிக்கவில்லை. காரோ முதல் கியரிலிருந்து இரண்டாவதுக்குப் போக இழுத்து இழுத்துப் போனது. எண்ணெய் சிவப்பு மாறிப் பழுப்பாகத் தொடங்கியிருந்தது, கருகல் வாடை இன்னும் வரவில்லை. வந்துவிட்டால் முழுதாகப் பிரித்துத் தகடுகளை மாற்ற வேண்டும், அந்தச் செலவுக்கு அவரிடம் பணம் இல்லை. ஓடுகிற நிலையில் பேரனுக்குக் கொடுக்க வேண்டும், இல்லையென்றால் பழைய இரும்புக்காரனுக்கு. "உங்கள் கை நடுங்குமா?" என்று கேட்டார். கையை நீட்டிக் காட்டினேன்.

இரண்டு நாள் வேலை. நான்கு ஸ்டாண்டில் காரைத் தூக்கி நிறுத்தினோம். அவர் பக்கத்தில் ஸ்டூல் போட்டுத் தாளைப் படித்துச் சொல்வார், நான் அடியில் படுத்துச் செய்வேன். அடித்தட்டுக்கு 13 போல்ட். வால்வ் பாடியை இறக்கும்போது மிளகைவிடச் சற்றுப் பெரிய எஃகுக் குண்டுகள் பொலபொலவென்று என் நெஞ்சின் மேல் விழுந்தன. எது எந்தக் குழியில் இருக்க வேண்டும் என்று தாளில் படம் உண்டு. மாட்டும்போது அவை விழாமல் இருக்க வாஸ்லின் தடவி ஒட்ட வேண்டும். சாதாரண கிரீஸ் கூடாது. அது எண்ணெயில் கரையாமல் சிறு துளைகளை அடைத்துவிடும்.

இரண்டாம் நாள் மாலை. எல்லாம் மாட்டி, அடித்தட்டின் 13 போல்ட்டும் இறுக்கியாயிற்று. அவர் எண்ணெய் டின்னைத் திறக்க உள்ளே போனார். கையைத் துடைத்துக்கொண்டே தட்டைப் பார்த்தேன். இரண்டு குண்டுகள் இருந்தன. தாள்படி ஒன்றைத்தான் வெளியே விட வேண்டும்.

உண்மையைச் சொல்கிறேன். சொல்லாமல் விட்டுவிடலாமா என்று ஒரு நிமிடம் தோன்றியது. முதுகு வலி. வண்டி எப்படியும் ஓடும், கொஞ்ச நாளைக்காவது. மறு மாதம் நான் ஊருக்குப் போய்விடுவேன். முப்பத்தைந்து வருடம் மற்றவர்கள் செய்த அரைகுறை வேலையைத் திட்டியே சம்பளம் வாங்கியவன் நான்.

அவர் வந்ததும் இரண்டு குண்டுகளையும் உள்ளங்கையில் வைத்துக் காட்டினேன். கோபப்படுவார் என்று நினைத்தேன். "ஆலையில் இப்படி ஒன்று மிஞ்சினால் நாங்களும் பிரித்துத்தான் பார்ப்போம்" என்றார். மறுநாள் எல்லாவற்றையும் இறக்கினோம். ஒரு குழி காலியாகத்தான் இருந்தது. நான் ஒட்ட மறந்த குண்டு.

அன்று மதியம் வண்டியை வெளியே எடுத்தோம். அவர் ஓட்டினார், நான் பக்கத்தில். ஒன்றிலிருந்து இரண்டுக்கு மாறும்போது முதுகில் யாரோ தட்டிய மாதிரி ஒரு சின்ன உந்தல். இழுவை இல்லை. இரண்டிலிருந்து மூன்றுக்கும் அப்படியே. ஒன்றும் பேசாமல் ஓட்டிக்கொண்டு போனவர், வழக்கமாகத் தவிர்க்கும் சாலையில் திருப்பினார். பூட்டிக் கிடந்த வில்லோ ரன் வாசலில் நிறுத்தினார்.

"இந்த வழுக்கலை நாங்கள்தான் உள்ளே வைத்து அனுப்பினோம்" என்றார். "தப்பு என்று சொல்ல மாட்டேன். வாங்குகிறவர் அதைத்தான் கேட்டார்."

கொடைக்கானல் பாதையில் பயணிகளுக்காகவே பிளேட்டைக் கருக்கிய ஓட்டுநர்களை நினைத்துக்கொண்டேன். அவர்களைக் கொஞ்சம் அதிகமாகவே திட்டிவிட்டேனோ என்று அன்றுதான் தோன்றியது. மென்மைக்கு யாரோ விலை கொடுக்கத்தான் வேண்டியிருக்கிறது. பஸ்ஸில் பிளேட், காரில் தகடு. வீட்டில் யார் என்று என் மனைவியைக் கேட்டால் சொல்வாள்.

கார் இப்போது பேரனிடம் இருக்கிறது. போன வருடம் மகன் படம் அனுப்பினான். ஓடிக்கொண்டுதான் இருக்கிறதாம்.