தென்காசி – குற்றாலப் பகுதியில் கிடாரிக் கன்றுகளின் எடைப்பேறு: தீவனமும் பராமரிப்பும்

1. பொருளும் எல்லையும்

பால்குடி மறந்த நாள் முதல் சினைப் பருவம் வரை கிடாரியால் வீட்டுக்கு வரவு இல்லை. ஆகவே புண்ணாக்கு கறவைக்கும், மீந்த வைக்கோல் கிடாரிக்கும் என்பதே பல தொழுக்களின் வழக்கம். 2019 நவம்பரில் திருநெல்வேலியிலிருந்து பிரிந்த தென்காசி மாவட்டத்தின் ஜெர்சிக் கலப்பினக் கிடாரிகளை முன்வைத்து, இவ்வழக்கம் உண்மையில் சிக்கனம்தானா என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது.

2. நிலமும் பருவமும்

ஜூன் முதல் ஆகஸ்ட் வரை குற்றாலம், செங்கோட்டை மலையடிவாரத்தில் சாரல், வரப்பெங்கும் புல். கிழக்கே ஆலங்குளம், சங்கரன்கோவில் பக்கம் மலைமறைவு. வடகிழக்குப் பருவமழையே அங்கு நம்பிக்கை. பிசான அறுவடை முடிந்தால் எங்கும் வைக்கோல் படப்பே கோடைத் தீவனம். எனவே குறை இருவகை: சாரலில் புல்லின் நீர்மிகுதி, கோடையில் புரதக் குறைவு.

3. அளவும் கணக்கும்

3.1 எடை அறிதல்: மார்புச் சுற்றளவை அதே அளவால் பெருக்கி, உடல் நீளத்தாலும் பெருக்கி (அனைத்தும் அங்குலத்தில்), 660ஆல் வகுத்தால் தோராயமான எடை கிலோவில் கிடைக்கும். சுற்றளவு 45, நீளம் 39 எனில் ஏறக்குறைய 120 கிலோ.

3.2 பசும்புல்: இக்கிடாரிக்கு நாளொன்றுக்கு 3 கிலோவுக்குக் குறையாத உலர்பொருள் வேண்டும். ஐந்தில் நான்கு பங்கு நீராக உள்ள சாரல் புல்லானால் அது 15 கிலோ. வயிறு புடைப்பதைக் கண்டு குறைத்துவிடலாகாது. சிறிது வைக்கோலும் கலந்து தர வேண்டும்.

3.3 வைக்கோல்: இதில் புரதம் 3 – 4 விழுக்காடே, வளரும் கன்றுக்கு ஏறத்தாழ 12 விழுக்காடு தேவை. அரைக்கிலோ கடலைப் புண்ணாக்கு சுமார் 200 கிராம் புரதம் தரும். அகத்தி, வேலிமசால் தழைகள் செலவைக் குறைக்கும். தாது உப்பும் தவறாது சேர வேண்டும்.

4. நலம் காத்தல்

வயலிலும் குளக்கரையிலும் உள்ள நத்தைகள் வழியே ஈரல் தட்டைப்புழு பரவும். மேயும் கன்றுகளுக்குக் கால்நடை மருத்துவர் சொல்லும்படி புழுநீக்கம் வேண்டும். கோமாரித் தடுப்பூசியை நான்காம் மாதத்தில் தொடங்க வேண்டும். சாரல் நாளில் தொழுத்தரை உலர்ந்திருக்க வேண்டும். பூசணம் பிடித்த வைக்கோலைத் தரலாகாது.

5. முடிபு

பருவத்துக்கு வருவதை வயதைவிட எடையே பெரிதும் தீர்மானிக்கிறது. 120 கிலோவிலிருந்து 220 கிலோவை எட்ட, நாளுக்கு 400 கிராம் ஏறினால் 250 நாள். 200 கிராமே ஏறினால் 500 நாள். புண்ணாக்கில் மிச்சம் பிடித்தவர் மேலும் 250 நாள் கறவையில்லா மாட்டுக்குத் தீனி போடுகிறார். முதல் ஈற்றும் அத்தனை நாள் தள்ளிப்போகிறது. ஆதலால் கிடாரிக்குரிய புரதச் செலவைப் படப்பு மட்டும் எஞ்சும் கோடை மாதங்களிலேயே முதலில் ஒதுக்க வேண்டும்.