மாடியில் கொழுந்து, மண்ணில் லயன்

நுவரெலியாவிலிருந்து இராகலைக்குச் செல்லும் வீதியில் உள்ள சிறு நகரம் கந்தப்பளை. மரக்கறித் தோட்டங்களும் தேயிலையும் ஒன்றோடொன்று இடம் பிடிக்கப் போட்டியிடும் நிலம். நகரத்தைத் தாண்டி மேலே ஏறினால், மலை முகட்டில் சாம்பல் வெள்ளை நிறத்தில் நெடிய கட்டடமொன்று தெரியும். மாடிக்கு மாடி நீளும் சன்னல் வரிசைகள். உலகச் சுற்றுலாப் பயணிகள் பலருக்கும் தெரிந்த தேயிலைத் தொழிற்சாலை ஹோட்டல் அதுதான். ஒருகாலத்தில் ஹெதர்செட் தோட்டத்தின் ஆலையாக இருந்தது. தோட்டத்து வழக்கில் சொன்னால் ‘ஸ்டோர்’. நீண்ட காலம் மூடிக் கிடந்த அந்த ஆலையை எயிட்கன் ஸ்பென்ஸ் நிறுவனம் ஹோட்டலாக மாற்றி 1996இல் திறந்தது. பழைய எஞ்சினையும் பெரிய விசிறிகளையும் தூக்கி எறியாமல் காட்சிக்கு வைத்தார்கள். இடித்துத் தள்ளாமல் பழைய கட்டடமொன்றைப் புதிய பயனுக்குக் கொண்டுவந்த நல்ல உதாரணங்களில் அதுவும் ஒன்று. இதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை.

ஒரு பழைய ஹோட்டலின் அருகே ஆடம்பரக் குடியிருப்பு மாடியொன்று எழப்போகிறது என்றால் நகரங்களில் உடனே கூச்சல் எழும். காட்சி மறைகிறது, மரபு கெடுகிறது, காற்று அடைபடுகிறது என்பார்கள். நியாயமான கூச்சல்தான். ஆனால் மலையகத்தில் இந்தக் கேள்வியைக் கேட்கத் தொடங்கினால் அது வேறெங்கோ இழுத்துக்கொண்டு போகிறது. இங்கே உயரமான கட்டடம் யாருக்காக எழுந்தது, பழைய ஹோட்டலின் பக்கத்தில் யார் குடியிருக்கிறார்கள் என்று பார்க்க வேண்டியிருக்கிறது.

தேயிலை ஆலைகள் ஏன் பல மாடிகளாகக் கட்டப்பட்டன? பறித்த கொழுந்தை உடனே அரைக்க முடியாது. முதலில் அது வாட வேண்டும். தன் ஈரத்தில் ஏறக்குறையப் பாதியை இழக்கும்வரை பன்னிரண்டு முதல் பதினெட்டு மணி நேரம் தட்டுகளில் மெல்லியதாகப் பரப்பி வைத்துக் காற்றோட்டம் கொடுக்க வேண்டும். அதற்குப் பரந்த தளம் வேண்டும். மலைச்சரிவிலோ சமநிலம் அரிது. எனவே தளத்தின் மேல் தளம் அடுக்கினார்கள். கீழே உருளைகளும் உலர்த்திகளும், மேலே கொழுந்து. அந்தச் சன்னல் வரிசைகள் அழகுக்காக வைக்கப்பட்டவை அல்ல; கொழுந்து மூச்சு விடுவதற்காக வைக்கப்பட்டவை.

ஆக, இந்த மலைகளில் முதலில் எழுந்த மாடிக் கட்டடங்களில் குடியேறியது தேயிலைக் கொழுந்து. கந்தப்பளையில் கொழுந்து வாடிய அந்த மேல்மாடிகளே இன்று விருந்தினர் அறைகள். கொழுந்தைப் பறித்தவளுக்குக் கிடைத்தது பத்தடிக்குப் பன்னிரண்டு அடி லயன் காம்பிரா. 120 சதுர அடி. முன்னே ஒரு சிறு திண்ணை, பின்பக்கம் இன்னொரு குடும்பத்தின் சுவர், தலைக்கு மேல் தகரம். காற்றோட்டம் பற்றி ஆலைக்குப் போட்ட கணக்கில் பத்தில் ஒரு பங்கையாவது லயனுக்குப் போட்டிருந்தால் மலையகத்தில் நெஞ்சுச் சளியில் போன குழந்தைகள் எத்தனையோ பிழைத்திருக்கும்.

ஹெதர்செட் என்ற பெயரிலும் ஒரு கதை இருக்கிறது. அது இங்கிலாந்தின் நோர்ஃபோக் மாவட்டத்தில் நோரிச் நகருக்கு அருகிலுள்ள ஒரு கிராமத்தின் பெயர். தோட்டத்தைத் திறந்தவர் ஃபிளவர்டியூ என்ற ஆங்கிலேயர் என்று ஹோட்டலின் வரலாறு கூறுகிறது. இங்கிலாந்து வரலாற்றைப் படித்தவர்களுக்கு ஹெதர்செட், ஃபிளவர்டியூ என்ற இரு பெயர்களும் சேர்ந்து வந்தால் 1549 நினைவுக்கு வரும். பொதுமேய்ச்சல் நிலங்களைச் செல்வந்தர்கள் வேலியிட்டு வளைத்துக்கொண்டதற்கு எதிராக அந்த ஆண்டு நோர்ஃபோக் விவசாயிகள் கிளர்ந்தெழுந்தார்கள். அவர்கள் தொடக்கத்திலேயே பிடுங்கி எறிந்த வேலிகளில் ஹெதர்செட்டின் ஜான் ஃபிளவர்டியூவுடையதும் ஒன்று. அவரோ பணம் கொடுத்து, அண்டை ஊர்க்காரரான ரொபர்ட் கெட்டின் வேலிகள் மீது அவர்களைத் திருப்பிவிட்டார். விந்தை என்னவென்றால், கெட் தம் வேலியைத் தாமே பிடுங்கிப் போட்டுவிட்டுக் கிளர்ச்சிக்குத் தலைமை ஏற்றுக்கொண்டார். ஆயிரக்கணக்கானோர் திரண்டு நோரிச்சைப் பிடித்தார்கள், பிறகு நசுக்கப்பட்டார்கள். அவ்வாண்டு டிசம்பரில் கெட் நோரிச் கோட்டையில் தூக்கிலிடப்பட்டார். நிலத்துக்கும் வேலிக்குமான சண்டையில் சரித்திரமேறிய ஒரு கிராமத்தின் பெயர், முந்நூறு ஆண்டுகளுக்கும் மேல் கழிந்து, கடல்தாண்டி வந்து, நிலமற்ற தமிழர்கள் உழைத்த ஒரு மலைமுகட்டில் ஒட்டிக்கொண்டது.

இந்த மலைமுகடுகளை வெட்டித் திறக்கவே கூடாது என்று சொன்னவர்களும் இருந்தார்கள். கியூ தாவரவியற் பூங்காவின் பணிப்பாளர் ஜோசப் ஹூக்கர், இலங்கையில் 5,000 அடிக்கு மேலுள்ள காடுகளை அழிக்க இடமளிக்கலாகாது என்று 1873இல் பரிந்துரைத்தார். ஊற்றுகளும் ஆறுகளும் பிறக்கும் இடம் என்பதே காரணம். கந்தப்பளைத் தோட்டங்களின் உயரம் அதைவிட ஆயிரம் அடிக்கும் மேல். 1869இல் தொடங்கிய இலை நோய் கோப்பியை அழித்தபின் தேயிலை வந்தது. 1903இல் நானுஓயாவிலிருந்து நுவரெலியாவுக்கும், 1904இல் கந்தப்பளை வழியாக இராகலைக்கும் சிறிய இருப்புப் பாதை போட்டார்கள். கடல்மட்டத்திலிருந்து 6,300 அடி உயரத்தைத் தொட்ட அந்தப் பாதை 1948இல் முற்றாக மூடப்பட்டது. தேயிலைப் பெட்டிகள் இறங்கின, அரிசி மூட்டைகள் ஏறின. அதே 1948இல்தான் 18ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டமும் வந்து, இருப்புப் பாதையோரத்து மக்களில் பெரும்பாலோரை நாடற்றவர்களாக்கியது.

பழைய ஹோட்டல்களின் வரலாறு எப்போதுமே இப்படித்தான் தெரிந்தெடுத்துச் சொல்லப்படுகிறது. நுவரெலியா கிராண்ட் ஹோட்டலின் கருவில் இருப்பது ஆளுநர் எட்வர்ட் பார்ன்ஸ் தமக்காகக் கட்டிக்கொண்ட மாளிகை. பார்ன்ஸ் என்றால் கொழும்பு–கண்டி வீதி. மாளிகையின் செலவு என்ன, ஆளுநர் எந்த அறையில் உறங்கினார் என்பதெல்லாம் சுற்றுலாக் கையேடுகளில் இருக்கும். வீதியில் கல் உடைத்தவர்களைப் பற்றி ஒரு வரி இருக்காது. மரபு என்று நாம் காக்கத் துடிப்பது பெரும்பாலும் கட்டடத்தின் முகப்பைத்தான்.

கொழும்பில் கதை இன்னும் வெளிப்படையானது. காலிமுகத்திடலை நகரத்துப் பெண்களும் குழந்தைகளும் காற்று வாங்குவதற்கென்று 1859இல் ஒழுங்குசெய்து கொடுத்தவர் ஆளுநர் ஹென்றி வார்ட். அதன் தென்கோடியில் 1864இல் கோல்பேஸ் ஹோட்டல் எழுந்தது. ஒன்றரை நூற்றாண்டு காலம் அந்தத் திடலும் கடலும் ஹோட்டலுமாக ஒரே சித்திரமாக இருந்தன. போர் முடிந்த பிறகு திடலின் கிழக்குப் பக்கத்தில், இராணுவத் தலைமையகம் இருந்த இடத்தில், 10 ஏக்கர் நிலம் 12 கோடியே 50 இலட்சம் டொலருக்கு ஷங்ரிலா குழுமத்துக்கு விற்கப்பட்டது. 2017 நவம்பரில் ஹோட்டல் திறக்கப்பட்டது. பின்னாலேயே ஐம்பது மாடி உயரத்துக்குச் சொகுசுக் குடியிருப்புக் கோபுரங்கள் எழுந்தன. அண்மையில், 99 ஆண்டுக் குத்தகை நிலத்தில், இந்தியாவின் ஐ.டி.சி. நிறுவனம் ரத்னதீப ஹோட்டலை 2024 ஏப்ரலில் திறந்தது. அதனோடு வான்பாலத்தால் இணைந்து நிற்பதும் ஓர் ஆடம்பரக் குடியிருப்புக் கோபுரமே. பழைய கோல்பேஸ் ஹோட்டல் இப்போது அந்த வரிசையின் ஓரத்தில் உட்கார்ந்திருக்கும் கிழவர் போல் தெரிகிறது.

ஒரு சின்னக் கணக்கு. ஏக்கருக்கு 160 பேர்ச். ஷங்ரிலா கொடுத்த விலைப்படி திடலோரத்தில் ஒரு பேர்ச் 78,000 டொலருக்குச் சற்று மேல். ஏழு பேர்ச் என்றால் ஐந்தரை இலட்சம் டொலரை நெருங்கும். ஏழு என்ற எண்ணை நான் ஏன் எடுத்தேன் என்பது மலையக வாசகர்களுக்குத் தெரியும். 2015க்குப் பிறகு ஒரு தோட்டக் குடும்பத்துக்குத் தனிவீடு கட்ட ஒதுக்கப்பட்ட காணி ஏழு பேர்ச். அதையும் ஏதோ பெரிய தானம் போலவே மேடைகளில் பேசினார்கள்.

நிற்க. மலைநகரில் ஒரு ஹோட்டல் எத்தனை மாடி உயரலாம் என்ற கேள்வி தமிழ்நாட்டில் இரத்தம் சிந்த வைத்ததை வாசகர்கள் மறந்திருக்க மாட்டார்கள். கொடைக்கானலில் பிளசன்ட் ஸ்டே ஹோட்டலுக்கு அனுமதி இரண்டு மாடி, கட்டியது ஏழு. 1994இல் தமிழக அரசு அதற்கு விதிவிலக்கு அளித்தது. பழனிமலைப் பாதுகாப்புக் குழுவினர் வழக்குத் தொடர்ந்தார்கள். உயர் நீதிமன்றம் விதிவிலக்கை இரத்துச் செய்தது. 1995இல் உச்ச நீதிமன்றமும் அதை உறுதிசெய்தது. இதே விவகாரத்தில் ஜெயலலிதாவுக்கு 2000 பெப்ரவரி 2 அன்று தனி நீதிமன்றம் ஓராண்டுச் சிறைத் தண்டனை விதித்தது. அன்று தர்மபுரியில் கோவை வேளாண்மைப் பல்கலைக்கழக மாணவியர் வந்த பேருந்துக்கு ஆளுங்கட்சியாயிருந்து எதிர்க்கட்சியானவர்கள் தீ வைத்தார்கள். மூன்று மாணவிகள் கருகி இறந்தார்கள். 2001 டிசம்பரில் மேல்முறையீட்டில் ஜெயலலிதா விடுவிக்கப்பட்டார். பத்திரிகைக்காரர்கள் அந்த வழக்கை ஊழல் வழக்காகவே எழுதினோம். மலை எத்தனை மாடியைத் தாங்கும் என்ற மூலக் கேள்வி செய்திகளின் அடியில் புதைந்துபோயிற்று.

மலையகத்துக்கு மாடி ஆசை வேறு வழியில் வந்தது. லயன்களை ஒழித்து 50,000 வீடுகள் கட்டப்போவதாக 2014ஆம் ஆண்டுக்கான வரவு செலவுத் திட்டத்தில் மஹிந்த ராஜபக்ஷ அரசு அறிவித்தது. அவை தொடர்மாடிகளாக அமையும் என்றதும் தோட்டங்களில் எழுந்த எதிர்ப்பை மேல்நாட்டு நிபுணர்களால் புரிந்துகொள்ள முடியவில்லை. நிலம் மிச்சம், குழாய் மிச்சம், வீதி மிச்சம் என்று அவர்கள் சொன்னதெல்லாம் பொறியியற்படி சரிதான். ஆனால் மக்கள் அதற்கு வைத்த பெயர் ‘மாடி லயன்’. ஒருவர் தலைமேல் ஒருவராக அடுக்கப்படுவதா என்று கேட்டார்கள். அவர்கள் கேட்டது உயரத்தை அல்ல, காலடியில் மண்ணை. மாட்டுக் கொட்டில் போட, மரக்கறி நட, மகனுக்கு ஒரு அறை இறக்க, எல்லாவற்றுக்கும் மேலாக வங்கிக்கும் நீதிமன்றத்துக்கும் கொண்டுபோகக்கூடிய உறுதிப் பத்திரம். கொழும்பில் ஐம்பதாவது மாடியில் வீடு வாங்குகிறவருக்கும் பத்திரம் உண்டு. அந்த வித்தியாசம்தான் ஒரே வடிவிலான கட்டடத்தை ஓரிடத்தில் சொகுசாகவும் இன்னோரிடத்தில் சிறையாகவும் ஆக்குகிறது.

தனிவீட்டுத் திட்டம்தான் பின்னர் நடைமுறைக்கு வந்தது. இந்திய உதவியில் முதற்கட்டம் 4,000 வீடுகள். 2017 மே மாதம் நோர்வூட்டில் பிரதமர் மோடி மேலும் 10,000 வீடுகளை அறிவித்தார். வேகம் எப்படி இருந்தது என்பதை எழுதிப் புண்ணியமில்லை. அதற்குள் மலை தன் கணக்கைச் சொல்லிவிட்டது. 2014 அக்டோபர் 29 அன்று கொஸ்லந்தை மீரியபெத்தையில் லயன்கள் மண்ணுக்குள் போயின. அபாயம் முன்கூட்டியே அறிவிக்கப்பட்டிருந்த இடம் அது. போக வேறிடம் இல்லாததால் மக்கள் அங்கேயே இருந்தார்கள். 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் வந்தபோது நுவரெலியா, பதுளை, கண்டி மாவட்டங்களில் மீண்டும் அதே காட்சிகள். ஆபத்தான சரிவிலிருந்து விலகுங்கள் என்று தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் சிவப்பு எச்சரிக்கை விடுகிறது. விலகி எங்கே போவது என்பதைச் சொல்லும் அதிகாரம் அந்த நிறுவனத்திடம் இல்லை. காணியைக் கையில் வைத்திருப்பவர்களிடம் இருக்கிறது.

காணி யாரிடம்? 1972, 1975 காணிச் சீர்திருத்தச் சட்டங்களால் தோட்டங்கள் அரசுக்கு வந்தன. 1992இல் அவற்றின் நிர்வாகம் தனியார் பெருந்தோட்டக் கம்பனிகளிடம் போயிற்று. பின்னர் 53 ஆண்டுக் குத்தகை. தேயிலை இலாபம் தராத இடங்களில் துரைமார் பங்களாக்கள் விடுதிகளாயின. பொகவந்தலாவைப் பக்கம் 2005இல் அப்படித் தொடங்கியவை இன்று உலகப் புகழ் பெற்றவை. சுற்றுலாவை நான் எதிர்க்கவில்லை. கந்தப்பளை ஹோட்டல் இல்லாவிட்டால் அந்தக் கட்டடம் துருப்பிடித்துச் சரிந்திருக்கும். அக்கம்பக்கத்துப் பிள்ளைகள் சிலருக்குக் கொழுந்துக் கூடையைத் தவிர வேறு வேலையும் வாய்த்திருக்காது. ஆனால் ஆலைக்கு ஒரு மறுவாழ்வுத் திட்டம் வகுக்க முடிந்த நாட்டில், பங்களாவுக்கு ஒரு மறுவாழ்வுத் திட்டம் வகுக்க முடிந்த நாட்டில், லயனுக்கு மட்டும் ஏன் இத்தனை ஆணைக்குழுக்கள் தேவைப்படுகின்றன?

அந்த 53 ஆண்டுக் குத்தகைகள் 2045இல் முடிவடைகின்றன. கம்பனிகள் நீடிப்பைப் பற்றியும் மாற்றுப் பயிர், சுற்றுலா, சூரிய மின்சாரம் பற்றியும் இப்போதே பேசத் தொடங்கிவிட்டன. புதிய ஒப்பந்தம் எழுதப்படும்போது குடியிருப்பு நிலங்களை முதலில் அளந்து தோட்டத்திலிருந்து பிரித்தெடுத்துவிட்டு மிச்சத்தைக் குத்தகைக்கு விடுவதா, அல்லது எல்லாவற்றையும் ஒன்றாகக் கொடுத்துவிட்டுப் பிறகு ஏழு பேர்ச், பத்துப் பேர்ச் என்று கம்பனியிடம் கேட்டு வாங்குவதா என்பதே மலையகப் பிரதிநிதிகள் இன்று பேசவேண்டிய விடயம். அளவைத் திணைக்களம் லயன்களை அளக்கத் தொடங்க 2045 வரை காத்திருக்கத் தேவையில்லை.